சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பாட்டு – பாம்பன் சுவாமிகள் காட்டிய வழி

ஓம் சரவணபவ! 

சண்முக கவசம் பாராயணம் பண்றவங்களுக்கு பாம்பன் சுவாமிகளைத் தெரியாம இருக்காது. ஆனா அவர் எப்படி எழுத ஆரம்பிச்சார், எப்படி எழுதினார்னு யோசிச்சிருக்கோமா? நான் யோசிச்சதே இல்லை. எழுத்து விஷயத்துல நானே ஒரு தப்பு பண்ணின பிறகுதான் அவர் வரலாற்றைத் தேடிப் படிச்சேன். என்ன தப்புன்னு பின்னாடி சொல்றேன்.

ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற பாம்பன்தான் சுவாமிகள் வளர்ந்த ஊர். அப்பா சாத்தப்ப பிள்ளை, அம்மா செங்கமலம். வீட்டில் வைத்த பெயர் அப்பாவு. சின்ன வயசிலேயே கந்த சஷ்டி கவசம் பாராயணம் செய்து வந்தார். தானும் இப்படிப் பாட வேண்டும் என்ற ஆசை அவருக்குள் வளர்ந்தது.

13 வயதில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, தென்னந்தோப்பில் உட்கார்ந்து ஏட்டில் முதல் பாட்டை எழுதினார். அதன் பிறகு தனக்குத் தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். தினமும் ஒரு பாட்டு, அதையும் சாப்பிடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இப்படியே 100 பாட்டுகள் எழுதினார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த 100 பாட்டிலும் முடிவில் அருணகிரிநாதர் பெயரை வைத்திருக்கிறார். அருணகிரியார் அவருக்கு நேரில் கிடைத்த குரு இல்லை. பல நூற்றாண்டுக்கு முன்னால் வாழ்ந்தவர். ஆனாலும் அவரைத்தான் ஞானகுருவாக மனதில் வைத்திருந்தார். யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டாரோ அவர் பெயரை மறைக்கவே இல்லை.

ராமேஸ்வரத்தில் இருந்த சேது மாதவ ஐயர் அந்தப் பாட்டுகளைக் கேட்டு மகிழ்ந்தார். சடக்ஷர மந்திரத்தை உபதேசம் செய்தார். வடமொழி படிக்கவும் வழி காட்டினார். பிறகு திருமணம் ஆச்சு, குழந்தைகள் பிறந்தாங்க, குடும்பப் பொறுப்பும் வந்தது. பாட்டு எழுதறது மட்டும் நிக்கலை.

இப்போ முக்கியமான சம்பவத்துக்கு வர்றேன். துறவு எண்ணம் முற்றிய ஒரு நாள், பழநிக்குப் போகப் போவதாக நண்பர் ஒருவரிடம் சொன்னார். முருகனிடமிருந்து உத்தரவு வந்ததா என்று நண்பர் கேட்டார். வரவில்லை. ஆனாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே முருகன் கோபத்தோடு தோன்றி, பொய் சொன்னதைக் கண்டித்ததாக அடியார்கள் சொல்வார்கள். நானாகக் கூப்பிடும் வரை பழநிக்கு வரக்கூடாது என்பதுதான் முருகன் போட்ட உத்தரவு. சுவாமிகள் அழுது மன்னிப்புக் கேட்டார். அந்த அழைப்பு கடைசி வரை வரவே இல்லை. வாழ்நாள் முழுக்க முருகனையே பாடியவர் பழநிக்குப் போகாமலேயே வாழ்ந்து முடித்தார்.

இதைப் படிச்சப்போ எனக்குக் கை நடுங்கிடுச்சு. ஏன்னா நான் செஞ்ச தப்பும் இதேதான். போன வருஷம் ஒரு பதிவு எழுதினேன். நல்லாத்தான் வந்திருந்தது. ஆனா யாரும் படிக்க மாட்டாங்களோன்னு பயந்து, முருகன் கனவுல வந்து இதை எழுதச் சொன்னார்னு ஒரு வரியைச் சேர்த்தேன். எந்தக் கனவும் வரலை. 11 பேருக்கு அனுப்புங்கன்னும் போட்டேன். அது எங்கெங்கேயோ சுத்தி எங்க அம்மா போனுக்கே வந்தது. அம்மா அதைப் படிச்சுக் கண் கலங்கி என்கிட்டயே காட்டினாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

சுவாமிகள் சொன்னது நண்பர் ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை. நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்!

அந்தப் பொய்க்குப் பிறகு சுவாமிகள் எழுதுவதை விட்டுவிடவில்லை. 1891-ல் வந்த சண்முக கவசம் 30 பாடல்கள் கொண்டது. 12 உயிரெழுத்து, 18 மெய்யெழுத்து என்ற வரிசையில் பாடல்கள் தொடங்கும். பஞ்சாமிர்த வண்ணம் 5 பகுதிகள் உடையது. அதைப் பாடினால் முருகனுக்குப் பஞ்சாமிர்த அபிஷேகம் செய்த பலன் என்பது நம்பிக்கை. வடசொல் கலக்காமல் சேந்தன் செந்தமிழ் பாடினார். வடமொழி படித்தவர் அவர். இருந்தும் தமிழால் மட்டுமே முடியும் என்று காட்டினார். மொத்தம் 6,666 பாடல்கள் என்று அடியார்கள் கணக்குச் சொல்வார்கள். அருணகிரியாரைப் பார்த்து எழுத ஆரம்பித்தவருக்கு, போகப் போகத் தனி நடை அமைந்தது. ஆனால் உலகம் அவரை அறிந்த பெயர் குமரகுருதாசர். குமரகுருவின் அடிமை என்று அர்த்தம். அவருடைய அடையாளமே அதுதான்.

1894-ல் பிரப்பன்வலசையில் 35 நாள் தவம் இருந்தார். பிறகு சென்னைக்கு வந்தார். 1923 டிசம்பரில் தம்பு செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி இடது கால் எலும்பு முறிந்தது. வயதானவர், உப்பில்லாமல் சாப்பிடுபவர், எலும்பு கூடுமா என்று மருத்துவர்களே சந்தேகப்பட்டார்கள். அடியார்கள் சண்முக கவசத்தைப் பாராயணம் செய்தார்கள். 11-ம் நாள் இரவு மயில் காட்சி கிடைத்தது, கால் குணமானது. இன்றும் அதை மயூர வாகன சேவன விழாவாகக் கொண்டாடுகிறோம். அவர் நமக்காக எழுதிய கவசம் அவருக்கே துணையாக வந்தது. 1929 மே 30 அன்று சமாதி அடைந்தார். திருவான்மியூரில் அவர் சமாதிக் கோயில் இருக்கு. சென்னைப் பக்கம் வந்தா கண்டிப்பா போயிட்டு வாங்க.

அந்தப் பழைய பதிவை நான் அழிச்சுட்டேன். அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், இனிமே உனக்குத் தோணினதை உன் பேர்லயே எழுதுன்னு சொன்னாங்க.

இப்போ தினமும் காலைல டிபனுக்கு முன்னாடி 10 வரி எழுதறேன். சில நாள் 4 வரிதான் வரும். எங்கே படிச்சேனோ அதைச் சொல்றேன். முருகன் சொன்னார்னு எழுதறதில்லை, எனக்குத் தோணுதுன்னு எழுதறேன். யாராவது நீ எழுத்தாளரான்னு கேட்டா, முன்னெல்லாம் கூச்சமா இருக்கும். இப்போ ஆமான்னு சொல்ல முடியுது.

உங்கள்ல யாருக்காவது எழுதணும்னு ஆசை இருந்தா, நாளைக்குக் காலைல சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதிப் பாருங்க. இந்தப் பதிவை இத்தனை பேருக்கு அனுப்பணும்னு கட்டாயம் எதுவும் இல்லை. பிடிச்சிருந்தா அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
பாம்பன் சுவாமிகள் திருவடிகளே சரணம்!