கடல் கடந்து கற்ற ஜானகி அம்மாள்

உயர்கல்விக்காக வெளிநாடு செல்வோரைப் பற்றி நம் கல்லூரி வளாகத்தில் இருவிதப் பேச்சு உண்டு. போகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பது ஒன்று. போனவர்கள் திரும்பி வருவதில்லை, அவர்களால் நாட்டுக்கு என்ன பயன் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு பெண்மணியின் வாழ்க்கையோடு உரைத்துப் பார்க்க விரும்புகிறேன். தாவரவியல் மூன்றாமாண்டு பயிலும் எனக்கு அவர்மேல் தனிப்பற்று உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகிறேன். அவர்தாம் டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில், தலைச்சேரியில், 1897 நவம்பர் 4 அன்று பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் துணை நீதிபதி. செடிகொடிகளிலும் பறவைகளிலும் ஈடுபாடு மிக்கவர். வீட்டுத் தோட்டமே மகளுக்கு முதல் ஆய்வுக்கூடமாயிற்று. உடன்பிறந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மணம் முடித்துச் சென்றபோது, இவர் படிப்பையே துணையாகக் கொண்டார். இறுதிவரை மணம் செய்து கொள்ளவில்லை. சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்று, மாநிலக் கல்லூரியில் 1921 இல் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். இரண்டும் அரசுக் கல்லூரிகள் என்பதை நம் போன்றோர் சற்றே பெருமையோடு குறித்துக் கொள்ளலாம்.

பின்னர்ச் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி. அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு அதுவே பெரும் பேறு. அதோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்பர் உதவித்தொகை அவரைத் தேடி வந்தது.

இந்த உதவித்தொகையின் கதை சுவையானது. லெவி பார்பர் என்பவர் மிச்சிகனில் பயின்று, அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவிலும் இருந்த வழக்கறிஞர். ஆசிய நாடுகளில் பயணம் செய்தபோது, தம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று ஊர் திரும்பிய கீழைநாட்டுப் பெண்கள் ஆற்றிவந்த தொண்டைக் கண்டார். அதன் விளைவாக 1917 இல் ஆசியப் பெண்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை பிறந்தது. வந்து கற்க வேண்டும். கற்றதில் நல்லதைத் தம் நாட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆக, அது வெறும் பணமன்று. கூடவே ஒரு கடனும் வந்தது என்பேன்.

1920களின் நடுவில் ஜானகி அம்மாள் மிச்சிகனில் முதுகலைப் பட்டம் பெற்றுச் சென்னைக்குத் திரும்பி மீண்டும் கற்பித்தார். மறுபடியும் பார்பர் நிதியின் துணையோடே சென்று, 1931 இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அவர் கையாண்ட செடிகளில் நம் கத்தரியும் ஒன்று. அவர் உருவாக்கிய கலப்புக் கத்தரி அவர் பெயராலேயே வழங்கிற்று. பனி கொட்டும் ஊரில் உட்கார்ந்து கத்தரிச் செடியின் குரோமோசோம்களை எண்ணிய பெண்ணை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மதிப்பும் கூடுகிறது.

ஊர் திரும்பித் திருவனந்தபுரத்தில் சிறிது காலம் பேராசிரியையாக இருந்தபின், 1934 இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவர் இவரே என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அது முழு உண்மையன்று. அயல்நாட்டு இனிப்புக் கரும்பையும் நம் ஆற்றங்கரை நாணலையும் கலந்து புதுக் கரும்பு காணும் வேலையை சி. ஏ. பார்பரும் (இவர் வேறு பார்பர், உதவித்தொகைப் பார்பர் அல்லர்) டி. எஸ். வெங்கட்ராமனும் 1912 இலேயே தொடங்கிவிட்டனர். 'கோ 205' என்னும் இரகம் 1918 இல் வெளிவந்தும் விட்டது. ஜானகி அம்மாள் செய்தது அதற்கு அடுத்த படி. நாணலின் உயிரணுவுக்குள் நுழைந்து, ஒரே இனத்தில் இடத்துக்கு இடம் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுவதைக் கண்டார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற செடியைப் பற்றி 1938 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். எதை எதனோடு கலக்கலாம் என்பதை ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டு வந்தவர்களுள் இவர் ஒருவர். 1935 இல் சர் சி. வி. இராமனின் இந்திய அறிவியல் கழகம் இவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது.

ஆயினும் பெண் என்பதும், தீயர் வகுப்பில் பிறந்தவர் என்பதும் பணியிடங்களில் அவருக்குத் தடையாயிருந்தன என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். 1939 இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குச் சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் குண்டுவீச்சுக்கு நடுவே வேலை செய்தார். இரவில் கட்டிலுக்கடியில் பதுங்கி, காலையில் உடைந்த கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு ஆய்வைத் தொடர்வாராம். சேலைக்குள் ஓர் அணிலை மறைத்து இங்கிலாந்துக்குக் கொண்டு போனார் என்றும் ஒரு கதை உண்டு. சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் 1945 இல் வெளியிட்ட பயிர்த் தாவரக் குரோமோசோம் தொகுப்பு உலகெங்கும் தோட்டக்கலையினரின் கைநூலாயிற்று.

1946 முதல் விஸ்லியில் அரச தோட்டக்கலைக் கழகத்தில் பணி. கோல்சிசின் என்னும் மருந்தை இளஞ்செடியின் குருத்தில் இட்டால், உயிரணு பிரியும்போது குரோமோசோம்கள் இரட்டித்துப் பிரியாமல் நின்றுவிடும். செடியின் இலையும் பூவும் தடித்துப் பெரிதாகலாம். (நம் செங்காந்தள் கிழங்கிலும் இதே கோல்சிசின் இருக்கிறது. வயல்வரப்பில் கண்வலிக் கிழங்கு என்று ஒதுக்கிச் செல்கிறோம்!) இம்முறையை மக்னோலியா மரக்கன்றுகளில் செய்து பார்த்தார். அவ்வகையுள் ஒன்று இன்றும் ஜானகி அம்மாள் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

இப்போது முதலில் சொன்ன இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் அயல்நாட்டில் இருந்து, அவர்கள் தோட்டத்துக்குப் பூ வளர்த்தவர், பார்பர் உதவித்தொகையின் கடனைத் தீர்த்தாரா? ஆண்டுகளை எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் திறமையுள்ளவரை ஊரிலே அமைதியாக வேலை செய்யவிடாமல் வைத்துவிட்டு, அவர் வெளியே போனதும் கணக்குக் கேட்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

அவர் திரும்பியும் வந்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க உதவும்படி 1951 இல் பிரதமர் நேரு அழைத்தார். பின்னர் அலகாபாதில் மத்திய தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் பொறுப்பு. அக்காலத்தில், ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்று, அப்பகுதியில் இருந்த ஒரேயொரு மக்னோலியா கிரிபித்தி மரத்தைக் காணப் போனார். மரம் இல்லை, எரிக்கப்பட்டிருந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்குவோம் என்ற இயக்கத்தில் காடுகள் விளைநிலங்களாகிக் கொண்டிருந்த காலம் அது. விஸ்லியில் மக்னோலியாவை ஒவ்வொரு குருத்தாகப் பேணியவர் அந்தச் சாம்பலின் முன் நின்றிருக்கிறார். 1955 இல் பிரின்ஸ்டனில், மனிதன் நிலவுலகை எவ்வாறு மாற்றிவிட்டான் என்பது பற்றி அறிஞர்கள் கூடிய கருத்தரங்கில் பங்கேற்ற ஒரே பெண் இவர். இந்திய மக்களின் பிழைப்பு வேளாண்மையைப் பற்றி அங்கே பேசினார். மறு ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பழைய உதவித்தொகை மாணவிக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. 1977 இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

மிகப் பிற்காலத்தில் ஜான் இன்னஸ் மையம், வளரும் நாடுகளின் மாணவர்களுக்காக இவர் பெயரிலேயே ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியது. நம் அறிவிப்புப் பலகையில் உதவித்தொகைச் சுற்றறிக்கை ஒட்டினால், தேர்வு அட்டவணையா என்று பார்த்துவிட்டு நகர்ந்து விடுகிறோமே, அந்தத் தோழியரை நினைத்தே இதனை எழுதுகிறேன்.

1970 இல் சென்னைக்கு வந்தார். பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் களக்கூடத்திலேயே தங்கி, மூலிகைத் தோட்டம் வளர்த்தார். ஆங்கிலத் தோட்டங்களை அழகுபடுத்திய கை, எண்பது வயதில் அங்கே மண்ணைக் கிளறிக் கொண்டிருந்தது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கை நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடிக்க முயன்றபோது, அக்காட்டைக் காக்க எழுந்த குரல்களில் அவர் குரலும் சேர்ந்தது. 1984 பிப்ரவரி 7 இல், மதுரவாயல் ஆய்வுப் பணியிலிருந்து ஓய்வு பெறாமலே மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.