கார்ல் சீக்லர்

கார்ல் சீக்லர் (நவம்பர் 26, 1898 - ஆகஸ்ட் 12, 1973) ஒரு ஜெர்மானிய வேதியியலாளர். எத்திலீன் வளிமத்தைக் (வாயுவை) குறைந்த அழுத்தத்திலேயே பாலிஎத்திலீன் என்னும் நெகிழியாக மாற்றும் வினையூக்கிகளைக் கண்டறிந்தவர். 1963 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை இத்தாலிய வேதியியலாளர் கியூலியோ நாட்டாவுடன் பகிர்ந்துகொண்டார்.

வாழ்க்கைக் குறிப்பு

சீக்லர் ஜெர்மனியில் காசெல் நகருக்கு அருகிலுள்ள ஹெல்சா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லூத்தரன் திருச்சபைப் போதகர். பள்ளிப் பருவத்திலேயே பாடத்திட்டத்துக்கு அப்பால் படித்து, வீட்டில் சோதனைகள் செய்து வந்தமையால், மார்பர்க் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பாடங்களிலிருந்து விலக்குப் பெற்றார். இடையில் 1918 இல் போர்முனைக்குச் சென்றார். 1920 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1922 இல் மரியா குர்ட்ஸ் என்பவரை மணந்தார்.

1926 முதல் பத்தாண்டுகள் ஹைடல்பெர்க்கிலும், பின்னர் ஹாலேயிலும் பணியாற்றினார். லித்தியம் போன்ற உலோகங்கள் கரிமச் சேர்மங்களோடு இணையும் வினைகளே அவருடைய நெடுநாள் ஈடுபாடு. 1943 இல் ரூர் ஆற்றங்கரையிலுள்ள மியூல்ஹைம் நகரின் நிலக்கரி ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராக அழைக்கப்பட்டபோது, நிலக்கரியோடு தொடர்பில்லாத ஆய்வையும் தடையின்றிச் செய்யும் உரிமை வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அப்பொறுப்பை ஏற்றார். பாலிஎத்திலீன் கண்டுபிடிப்பு இந்த நிபந்தனையின் பயன் எனலாம்.

குறைந்த அழுத்தப் பாலிஎத்திலீன்

1933 இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீனைச் செய்ய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தம் தேவைப்பட்டது. சீக்லர் தேடியது நெகிழியை அன்று. அலுமினியச் சேர்மங்களின் மீது எத்திலீன் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சங்கிலியை நீட்டும் வினையை ஆராய்ந்து வந்தார். 1953 இல் அவருடைய மாணவர் ஹோல்ட்ஸ்காம்ப் செய்த ஒரு சோதனையில் சங்கிலி நீளாமல் பியூட்டீனோடு நின்றுவிட்டது. தேடிப் பார்த்ததில், அழுத்தக்கலனில் எஞ்சியிருந்த மிகச் சிறிதளவு நிக்கலே காரணம் எனத் தெரிந்தது. சோதனை கெட்டது என ஒதுக்காமல், பிற உலோகங்கள் என்ன செய்யும் என்று வரிசையாகப் பார்க்கச் செய்தார் சீக்லர். பிரைல் என்னும் மாணவர் சிர்க்கோனியச் சேர்மத்தை இட்டபோது வெண்ணிறத் திண்மமாகப் பாலிஎத்திலீன் கிடைத்தது. டைட்டேனியம் டெட்ராகுளோரைடு இன்னும் வீரியமாக இருந்தது. அதைக் கொண்டு ஹைன்ஸ் மார்ட்டின் வளிமண்டல அழுத்தத்திலேயே, சாதாரணக் கண்ணாடிக் கலத்தில், வினையை நடத்திக் காட்டினார்.

முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. பெட்ரோல் போன்ற ஐதரோகார்பன் நீர்மம் 2 லிட்டர் எடுத்து, வினையூக்கியைக் கலந்து, கலக்கியவாறே எத்திலீனைச் செலுத்த வேண்டும். சில நிமிடங்களில் பாலிஎத்திலீன் பிரியத் தொடங்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 400 லிட்டர் வளிமம் உறிஞ்சப்பட்டு, கலக்கவே இயலாத குழம்பாகிவிடும்.

குழம்பு வினைகலன்

தொழிற்சாலைகளில் இம்முறை குழம்பு வினைகலனாக வளர்ந்தது. இதில் குமிழிகளாக எத்திலீன் வளிமம், ஹெக்சேன் போன்ற நீர்மம், அதில் மிதக்கும் வினையூக்கி, நெகிழித் துகள்கள் என மூன்று நிலைகளும் சேர்ந்துள்ளன. குமிழிக்குள் இருக்கும் எத்திலீன் வினையூக்கிக்கு நேரடியாகக் கிட்டாது. முதலில் அது குமிழியின் எல்லையைக் கடந்து நீர்மத்தில் கரைய வேண்டும். பின்னர் துகளை அடைய வேண்டும். இதில் முதற்படியே வளிம-நீர்மப் பொருள் பெயர்ச்சி. கரையும் வேகம் குறைவாயின், வினையூக்கியைக் கூட்டினாலும் விளைச்சல் கூடாது.

நெகிழி சேரச் சேரக் குழம்பு தடிக்கும். சிறு குமிழிகள் ஒன்றுகூடிப் பெரிதாகும். வளிமமும் நீர்மமும் தொடும் பரப்பு குறையும். கலக்கியின் வடிவும் வேகமும் முதன்மை பெறுவது இதனாலேயே. ஒரு கிலோகிராம் பாலிஎத்திலீன் உருவாகும்போது 3,000 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வெளிப்படுவதால், அதை அகற்றவும் நல்ல கலக்கல் வேண்டும். சங்கிலியின் நீளத்தைக் கட்டுப்படுத்த ஐதரசன் சேர்க்கப்படுகிறது. நீளத்தைத் தீர்மானிப்பது மேலே நிற்கும் வளிமத்திலுள்ள விகிதம் அன்று, நீர்மத்தில் கரைந்துள்ள விகிதமே. ஆகவே பொருள் பெயர்ச்சி பிழைத்தால் நெகிழியின் தரமும் மாறிவிடும். மக்னீசியம் குளோரைடின் மீது டைட்டேனியத்தைப் படியவைத்த, பன்மடங்கு வீரியமுள்ள வினையூக்கிகள் பின்னர் வந்தபோது இச்சிக்கல் மேலும் கூர்மையானது.

நாட்டாவுடன் பிணக்கு

இத்தாலியின் மோன்டெகாட்டினி நிறுவனம் சீக்லருடன் ஒப்பந்தம் செய்திருந்தது. அதன் ஆலோசகரான நாட்டாவுக்கு மியூல்ஹைம் ஆய்வு முடிவுகள் தெரியவந்தன. 1954 மார்ச்சில் நாட்டா அதே வகை வினையூக்கியைக் கொண்டு புரோப்பிலீனைப் பாலிபுரோப்பிலீனாக மாற்றினார். சீக்லர் குழுவினர் விண்ணப்பிக்கும் முன்பே இத்தாலியில் காப்புரிமை கோரப்பட்டது. தம் வினையூக்கியின் அடுத்த படியைத் தம்மிடம் சொல்லாமலே பிறர் எடுத்துக்கொண்டதாகச் சீக்லர் வருந்தினார். இருவருக்கும் இருந்த நட்பு முறிந்தது. பாலிபுரோப்பிலீனின் முப்பரிமாண ஒழுங்கை விளக்கியது நாட்டாவின் தனிச் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு வழி திறந்த வினையூக்கி மியூல்ஹைமில் பிறந்தது. அமெரிக்காவில் பாலிபுரோப்பிலீன் பற்றிய வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன.

பிற்காலம்

காப்புரிமை வருவாயில் ஏறத்தாழ 4 கோடி ஜெர்மன் மார்க் கொண்டு, தமது 70 ஆம் அகவையில் ஆய்வுக்கென ஒரு நிதியத்தை நிறுவினார். 1969 இல் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். ஓவியங்கள் சேர்ப்பதிலும் வானியலிலும் பற்றுடையவர். சூரிய கிரகணம் காணத் தொலைநாடுகளுக்குப் பயணம் செய்தார். 1972 இல் அத்தகைய கடற்பயணம் ஒன்றின்போது நோயுற்று, அடுத்த ஆண்டு மியூல்ஹைமில் காலமானார். பாலிபுரோப்பிலீன் தொடர்பாக அவரும் மாணவர்களும் கோரிய அமெரிக்கக் காப்புரிமை 1978 இல் வழங்கப்பட்டது.