ஆறு இடங்களைக் கண்ட ஆல்பிரட் வெர்னர்

நெமிலி, ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் தோல் ஷாப்பைப் பற்றித் தெரியாதவர் இல்லை. ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் பழுப்பாக வரும். குரோமியம் உப்பில் ஊறிய தோல் நீலமாக வரும். 'வெட் புளூ' எனப்படும் அந்தத் தோலை அலசினாலும், அதனுள் ஏறிய குரோமியம் பிடியை விடுவதில்லை. உலோகம் தோலை எப்படிப் பற்றிக்கொள்கிறது? இதற்கு வழி திறந்தவர், தோல் தொழிலோடு சம்பந்தமே இல்லாத ஓர் அறிஞர். அவர்தான் ஆல்பிரட் வெர்னர்!

1866 டிசம்பர் 12 அன்று, அப்போது பிரான்சைச் சேர்ந்திருந்த மூலூஸ் நகரில், ஓர் ஆலை மேஸ்திரியின் மகனாகப் பிறந்தார். ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் படித்து, 1890ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அக்காலத்து ரசாயன நிபுணர்களை ஒரு புதிர் வாட்டியது. கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் தனித்தனியே நிறைவு பெற்ற பொருள்கள். ஆனாலும் அவை ஒன்றோடொன்று சேர்ந்தன. ஆறு பங்கு அம்மோனியா சேர்ந்தால் மஞ்சள் உப்பு. நான்கு பங்கு சேர்ந்தால் பச்சை உப்பு! ஏன் இந்த விந்தை?

1892ல் ஓர் இரவு 2 மணிக்கு வெர்னர் திடுக்கிட்டு விழித்தார். விடை தோன்றிவிட்டது! எழுத உட்கார்ந்தவர் மாலை 5 மணிக்குத்தான் பேனாவைக் கீழே வைத்தார்.

கோபால்ட் அணுவைச் சுற்றி மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கங்களில் நான்கு என ஆறு இடங்கள் உண்டு என்றார் அவர். பச்சை உப்பில் இரண்டு குளோரின் அணுக்கள் எதிரெதிரே நிற்கின்றன. அவை அடுத்தடுத்து நிற்கும் வேறோர் உப்பும் இருந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

1893ல் இக்கொள்கை வெளிவந்தபோது அவருக்கு வயது 26. கையில் போதிய சான்று இல்லை. டென்மார்க் அறிஞர் யோர்கென்சன் பலமாக எதிர்த்தார். அம்மோனியா சங்கிலிபோல் நீள்கிறது என்பது அவர் கட்சி. வெர்னர் சளைக்கவில்லை. 1907ல் அந்த இரண்டாவது உப்பைத் தயாரித்தே காட்டினார். அது ஊதா நிறம்! யோர்கென்சன் தோல்வியைப் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார். 1913ல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நான்கு கோபால்ட் அணுக்களை ஹைட்ராக்சில் பாலங்கள் இணைக்கும் உப்பு ஒன்றையும் அவர் ஆராய்ந்தார். வலது கையும் இடது கையும் போன்ற அதன் இரு உருவங்களை 1914ல் பிரித்தெடுத்தார். கரி அணு இல்லாமலே இப்படி நிகழும் என்பது அன்று பெரும் அதிசயம்.

தோல் ஷாப்பிலும் இத்தகைய பாலங்களே வேலை செய்கின்றன. அவற்றால் இணைந்த குரோமியம் அணுக்கள் தோலின் புரத இழைகளைப் பற்றி, ஒன்றோடொன்று கட்டிவிடுகின்றன. பிற்காலத்தார் மூன்று இரும்பு அணுக்களை இரண்டு டெல்லூரியம் அணுக்கள் பிணைக்கும் கூட்டுப்பொருளையும் கண்டனர். அதில் இரும்பு அணுக்கள் தமக்குள் நேராகவும் கைகோக்கின்றன. வெர்னரின் கணக்கையும் தாண்டிய விந்தை அது!

1919 நவம்பர் 15 அன்று, நோயால் தளர்ந்து, 52ஆம் வயதில் வெர்னர் காலமானார். ஓர் இரவில் தோன்றியதை உலகம் ஏற்க, அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. பரிசு பெற்றபின் வாழ்ந்ததோ ஆறே ஆண்டுகள்!