ஆதம் ஸ்மித்தும் சுங்கச் சாவடியும்

பொருளாதார சாஸ்திரம் பயிலும் மாணவர் எவரும் ஆதம் ஸ்மித் என்னும் பெயரை அறியாதிருத்தல் இயலாது. நாடுகளின் செல்வத்தைக் குறித்து அவர் இயற்றி, 1776-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் அச்சாஸ்திரத்திற்கு அடிப்படையாய் அமைந்ததென்பதும், வியாபாரம் தடையின்றி நடைபெறல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார் என்பதும் வகுப்பறையில் நாம் கேட்கும் செய்திகளே. ஆயினும், அப்பெரியார் தம் வாழ்நாளின் இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சுங்க அதிகாரியாகக் கழித்தார் என்பதைப் பலர் அறியார். மிகையான தீர்வைகளையும் தடைகளையும் கண்டித்தெழுதிய அதே கை, அவற்றை நிறைவேற்றும் உத்தரவுகளிலும் ஒப்பமிட்டது. இது முரண்பாடன்றோ என நண்பர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டு அவரது சரிதத்தைச் சிறிது நோக்குவோம்.

ஸ்காத்லாந்தின் கீழ்க்கரையிலே, போர்த் என்னும் கழிமுகத்தை அடுத்துள்ள கிர்க்கால்டி என்பது ஒரு சிறு துறைமுகப் பட்டினம். அவ்வூரில் 1723-ஆம் ஆண்டில் ஸ்மித் பிறந்தார். அவர் தந்தையார் அத்துறைமுகத்திலேயே சுங்கக் கணக்கை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தில் இருந்தவர். மகன் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே காலஞ்சென்றார். எனவே, தந்தையின் முகத்தை அவர் கண்டதில்லை. அன்னையார் மார்கரெட் அம்மையாரே அவரை வளர்த்தார். நோய்க்கு எளிதில் இலக்காகும் உடல்வாகுடைய அக்குழந்தையின்பால் அத்தாய் கொண்ட அன்பும், அவர்பால் மகன் கொண்ட பக்தியும் இறுதிவரை குறையவில்லை. ஸ்மித் மணம் செய்துகொள்ளவில்லை; 1784-இல் அன்னையார் முதிர்ந்த வயதில் மரிக்கும் வரையில் அவரைத் தம்முடனேயே வைத்துப் போற்றினார்.

பதினான்காம் வயதில் கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் சேர்ந்து, ஹட்சிஸன் என்னும் பேராசிரியரிடம் ஒழுக்க நூல் கற்றார். பின்னர் ஆக்ஸ்போர்டில் 1740 முதல் 1746 வரையில் பயின்றார். அங்கே ஆசிரியர்கள் போதிக்கும் பாவனையைக்கூடக் கைவிட்டிருந்தனர் என்று அவர் பிற்காலத்தில் குறைகூறினார். 1751-இல் கிளாஸ்கோவிலேயே பேராசிரியராக நியமனம் பெற்றுப் பதின்மூன்றாண்டுகள் அப்பணியை ஆற்றினார். 1764-இல், பக்லூ பிரபுவுக்கு ஆசிரியராகப் பிரெஞ்சு தேசம் செல்லும்படி நேர்ந்தபோது, பாடங்கள் பாதியில் நின்றன. மாணவர் செலுத்திய சம்பளத்தைத் திருப்பித் தர அவர் முன்வந்தார். மாணவரோ பெற்றதே போதுமென மறுத்தனர். அவர் அதற்கு இசையாமல், பணத்தை வலியவே அவர்தம் சட்டைப் பைகளில் இட்டனுப்பினார் என்பர். தமக்கு உரியதல்லாத ஒரு காசையும் வைத்துக்கொள்ள மனமொவ்வாத இவ்வியல்பு பின்னரும் வெளிப்படுதலைக் காண்போம்.

கிளாஸ்கோ அக்காலத்தில் புகையிலை வியாபாரத்தால் செழித்த நகரம். அமெரிக்காவின் வர்ஜீனியா, மேரிலாந்து முதலிய பிரதேசங்களினின்றும் வந்திறங்கிய புகையிலையிற் பெரும்பகுதி மீண்டும் கப்பலேறிப் பிரான்சு முதலிய தேசங்களுக்குச் சென்றது. இறக்குமதியின்போது விதித்த தீர்வையை, அச்சரக்கு மறுபடி ஏற்றுமதியாகுங்கால் அரசாங்கத்தார் திருப்பிக் கொடுத்தனர். ஏட்டில் இது நேர்மையான ஏற்பாடே. எனினும், ஏற்றுமதியென எழுதித் தீர்வையைத் திரும்பப் பெற்றபின், அச்சரக்கையே இரவில் வேறொரு கரையில் இறக்கிவிடுவாரும் இருந்தனர். இத்தகைய நுட்பங்களை ஸ்மித் நூல்களினின்று மட்டும் கற்றாரல்லர். அந்நகரத்து வணிகருடன் பழகியும் அறிந்தார்.

அவருடைய பெருநூலில் கப்பற் கூலியைப் பற்றிய கணக்கொன்று உண்டு. எட்டுக் குதிரைகள் பூட்டி இருவர் நடத்தும் பார வண்டியொன்று, லண்டனுக்கும் எடின்பரோவுக்குமிடையே ஏறக்குறைய 4 டன் சரக்கை ஏற்றிச் சென்று மீள ஆறு வாரமாகும். ஏறக்குறைய அதே காலத்தில், ஆறு அல்லது எட்டு மாலுமிகள் செலுத்தும் ஒரு கப்பல், லண்டனுக்கும் லீத் துறைமுகத்துக்குமிடையே 200 டன் சரக்கைக் கொண்டுபோய்த் திரும்பும். அச்சரக்கு முழுவதையும் தரை வழியே அனுப்பப் புகின் 50 வண்டிகளும் 100 ஆட்களும் 400 குதிரைகளும் வேண்டும். அத்தனை பேரின் உணவும், குதிரைகளும் வண்டிகளும் அடையும் தேய்மானமும் சரக்கின் விலைமேல் ஏறும். கப்பலிலோ சில மாலுமிகளின் செலவும், கலத்தின் தேய்மானமும், கடலபாயத்திற்கான இன்ஷ்யூரன்ஸ் மிகுதியுமே ஏறும். லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே தரை வழியன்றி வேறு வழியில்லையாயின், அச்செலவைத் தாங்கவல்ல சரக்கு யாதுளது என்று அவர் வினவுகிறார். நீர்வழி திறந்தவிடத்திலேயே சந்தை விரியும். சந்தை விரிந்தவிடத்திலேயே தொழில்கள் பிரிந்து பெருகும் என்பது அவர் கொண்ட முடிவு.

தீர்வைகளைப் பற்றியும் அவர் விரிவாக ஆராய்ந்தார். வரியானது அவரவர் சக்திக்கேற்றதாயிருத்தல், இன்னதென்று முன்னரே திட்டமாயிருத்தல், செலுத்துவோருக்கு வசதியான காலத்தில் வாங்கப்படுதல், வசூலிக்கும் செலவு குறைந்திருத்தல் என நான்கு இலக்கணங்களை வகுத்தார். அளவுக்கு மிஞ்சிய தீர்வை அரசாங்கத்தின் வருமானத்தைப் பெருக்காமல் குறைக்கவே செய்யும். ஏனெனில் அது திருட்டுத்தனமாய்ச் சரக்கிறக்குவோருக்கு லாபத்தைக் காட்டி அழைப்பதாகும். அங்ஙனம் இறக்குவோன் சட்டத்தை மீறிய குற்றவாளியே. ஆயினும், பல சமயங்களில் அவன் அயலானுக்குத் தீங்கிழைக்க மனமொவ்வாதவன். சட்டம் பிழையாய் அமைந்தமையாலேயே நற்குடிமகனாய் வாழவேண்டியவன் குற்றவாளியானான் என்று அவர் இரங்கினார். இதற்குப் பரிகாரமாக அவர் கூறியது, தீர்வைகளைக் குறைத்துச் சில பொருள்கள்மேல் மட்டும் விதிப்பதும், வந்த சரக்கை அரசாங்கப் பூட்டுக்குட்பட்ட பண்டசாலையில் வைத்து, உள்நாட்டுச் செலவுக்கென வெளியே எடுக்கும்போது மட்டும் தீர்வை வாங்குவதுமாம். 1733-இல் வால்போல் என்னும் மந்திரி கொணர்ந்து, எதிர்ப்பு மிகுதியால் கைவிட்ட திட்டத்தையொட்டியதே இவ்யோசனை.

நூல் வெளிவந்து ஈராண்டுகள் ஆகுமுன், 1778-இன் தொடக்கத்தில், ஸ்காத்லாந்தின் சுங்க மன்றத்து உறுப்பினருள் ஒருவராக ஸ்மித் நியமிக்கப்பட்டார். சுங்கத்துக்கு 500 பவுனும், உப்புத் தீர்வைக்கு 100 பவுனும் அவருக்கு ஆண்டுச் சம்பளம். பக்லூ பிரபு முன்னரே அவருக்கு ஆண்டுதோறும் 300 பவுன் உபகாரச் சம்பளம் அளித்து வந்தார். புதிய உத்தியோகம் கிடைத்தமையால் அதனை விட்டுவிட ஸ்மித் முன்வந்தார். பிரபுவோ அதற்கு உடன்படவில்லை.

பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் நிகழ்ந்த செய்தி குறிப்பிடத்தக்கது. இறக்குமதி செய்யலாகாதெனத் தடுக்கப்பட்ட பொருள்களின் ஜாபிதாவை அவர் படித்தார். பின்னர்த் தம் உடைப் பெட்டியைத் திறந்து சோதித்தார். கழுத்துப் பட்டியும், மணிக்கட்டுச் சரிகையும், கைக்குட்டையும் ஏறக்குறைய யாவும் சட்டத்தால் விலக்கப்பட்டவையே எனக் கண்டு திகைத்தார். எல்லோரும் வாங்கும் கடையில் எல்லோரையும் போல அவர் வாங்கியவை அவை. அவர் என் செய்தார்? அனைத்தையும் தீயிலிட்டார். 1780-இல் ஈடன் என்னும் ராஜதந்திரிக்கு எழுதிய கடிதத்தில் இதனை நகைச்சுவையுடன் அறிவித்து, அவர் தம் வீட்டுப் பெட்டிகளைச் சோதியாதிருத்தலே நலமென எச்சரித்தார். அத்துடன், தடைகள் சரக்கையும் தடுக்கவில்லை, அரசாங்கத்துக்குக் காசையும் கொணரவில்லை. ஆதலின் அவற்றை நீக்கி மிதமான தீர்வை விதித்தலே தக்கதென்றும் யோசனை கூறினார்.

நம் கேள்விக்கு விடை இங்கேயே உளது. சட்டம் பிழையென்று அவர் அறிவார்; அதனை உரியவரிடம் எடுத்துரைக்கவும் அஞ்சவில்லை. ஆயினும் அது சட்டமாய் நிற்குமளவும், பிறர்மேல் அதனைச் செலுத்துமுன் தம்மேல் செலுத்தினார். அன்றியும், சுங்கமே கூடாதென்று அவர் யாண்டும் கூறினாரல்லர். அரசாங்கம் நடைபெற வருமானம் வேண்டும். அது நேரியதாயும் மிதமாயும் இருத்தல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. அயல்நாட்டுக் கப்பல்களைத் தடுத்த கடற்போக்குச் சட்டத்தையும், நாட்டின் பாதுகாப்பு செல்வத்தினும் பெரிதென்னும் காரணத்தால் அவர் ஏற்றுக்கொண்டனர்.

கடமையில் அவர் தவறாது ஈடுபட்டார். எடின்பரோ நகரில் கேனன்கேட் பகுதியிலிருந்த தம் இல்லத்தினின்றும் சுங்கச் சாவடிக்கு நடந்து செல்லும் அவரை நகரத்தார் நன்கறிவர். சிந்தனையில் ஆழ்ந்தவராய்த் தமக்குள் பேசிக்கொண்டே செல்வார். சாவடி வாயிற்காவலன் கோலை உயர்த்தி வணங்க, அவரும் தம் கைத்தடியை அவ்வாறே உயர்த்தி, அவன் செய்த ஒவ்வொன்றையும் தாமும் செய்துகொண்டே படியேறினார் என்றொரு கதை வழங்குகிறது. பத்திரமொன்றில் தம் பெயரை எழுதாமல், தமக்கு முன் ஒப்பமிட்டவரின் பெயரையே பார்த்தெழுதினார் என்பதும் மற்றொரு கதை. இவ்வுத்தியோகத்தால் நூலெழுதும் வேலை தடைப்படுகிறதென அவர் வருந்தியதுண்டு. எனினும் அவ்வனுபவம் வீண்போகவில்லை. 1784-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் ஏற்றுமதிச் சலுகைகளையும் வியாபாரக் கம்பெனிகளையும் பற்றிப் பல பகுதிகளைப் புதிதாகச் சேர்த்தார். வணிகரே அரசராயிருந்து ஆள்வதால் விளையும் தீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றால் அவர் விளக்கியது நம் நாட்டார் நினைவிற் கொள்ளற்பாலது.

அவர் வாழ்நாளிலேயே சில சீர்திருத்தங்கள் நிகழ்ந்தன. 1784-இல் இளைய பிட், தேயிலைத் தீர்வையை நூற்றுக்கு 119-இலிருந்து 12½ ஆகக் குறைத்தார். திருட்டுத் தேயிலை பெரிதும் ஒழிந்து, தீர்வை செலுத்தி விற்ற தேயிலை இரு மடங்குக்கு மேல் பெருகிற்று. 1786-இல் பிரான்சுடன் வியாபார உடன்படிக்கை ஏற்பட்டது. அதனை முடித்தவர் முற்கூறிய ஈடனே. 1787-இல், ஒவ்வொரு சரக்கின் மேலும் அடுக்கடுக்காய்ச் சுமத்தப்பட்டிருந்த பல தீர்வைகள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. அவர் போற்றிய பண்டசாலை முறையோ அவர் மறைந்தபின் 1803-இல்தான் இங்கிலாந்தில் பரவலாக அமுலுக்கு வந்தது. பின்னர்ப் பல தேசத்துத் துறைமுகங்களிலும் அம்முறை பரவியது.

1790-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் ஸ்மித் மறைந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், முற்றுப்பெறாத தம் கையெழுத்துப் பிரதிகளை நண்பரைக்கொண்டு எரிப்பித்தார். நல்ல வருமானம் பெற்றிருந்தும் அவர் விட்டுச்சென்ற பொருள் சிறிதே. அவர் தம் வருமானத்திற் பெரும்பகுதியை மறைவாக அறத்திற் செலவிட்டு வந்தமை பின்னரே வெளியாயிற்று.

கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் பலர் உத்தியோகம் ஏற்பர். தம் அறிவுக்கொவ்வாத விதிகளையும் நிறைவேற்ற நேரிடும். விதியைக் காரணங்காட்டிச் சிந்தனையை விடுவாரும் உண்டு. சிந்தனையைக் காரணங்காட்டிக் கடமையை விடுவாரும் உண்டு. இரண்டையும் விடாது ஒருங்கே பற்றி நின்ற ஒருவரின் சரிதம் அன்னார்க்கு வழிகாட்டுமாக.