சேலை உடுத்திய அன்னையைத் தீட்டியவர்



நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் பெரியநாயகி அன்னையின் பாதம் பணிகிறோம். வீரமாமுனிவர் மறைப்பணி ஆற்றிய ஊர் அது. அதே பெயரில் கோணான்குப்பத்தில் அவர் நிறுவிய அன்னையோ தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தி நிற்கிறார். ஆகவே சேலை அணிந்த மரியா நமக்குப் புதியவர் அல்ல. ஆனால் அன்னையை இந்தியத் தாயாக வண்ணத்தில் தீட்டிய ஆஞ்செலா திரிந்தாதே என்ற பெண் ஓவியரை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் 1909-இல் பிறந்தவர் ஆஞ்செலா. தந்தை அந்தோனியோ சேவியர் திரிந்தாதே, கீழ்த்திசையின் ரெம்பிரான்ட் என்று புகழப்பட்டவர், பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியின் ஆசிரியர். அதே பள்ளியில் மகளும் பயின்றார். பெண்கள் தூரிகையைத் தொழிலாகக் கொள்வது அரிதாயிருந்த காலம் அது. ஐரோப்பிய முறையில் மனிதர்களை உயிரோட்டமாக வரைவதில் அவர் தேர்ந்தார். 1935-இல் தந்தை இறந்தார்.

தந்தையிடம் கற்ற அந்த வழியிலேயே அவர் நிம்மதியாகத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் 1940-களில் இந்திய ஓவிய மரபுக்குத் திரும்பி, நற்செய்திக் காட்சிகளை நம் மண்ணின் முகங்களோடும் உடைகளோடும் வரைந்தார். அன்னை மரியா சேலையில் தோன்றினார். இது எளிதாக ஏற்கப்பட்ட காரியம் அல்ல. இதே பாதையில் சென்ற ஆஞ்செலோ ட ஃபொன்சேகா கோவாவில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். வெள்ளைக்கார முகமே புனிதமானது என்று நம்மவர்களே எண்ணிப் பழகியிருந்தார்கள்! பம்பாய் புனித சவேரியார் கல்லூரியின் இயேசு சபைக் குரு என்றி ஏராஸ் போன்றோர் இக்கலைஞர்களுக்கு ஆதரவளித்தனர். திருஅவையும் ஆஞ்செலாவைக் கைவிடவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் திருஅவைப் பணிக்கான பதக்கத்தை அவருக்கு வழங்கினார்.

பின்னாளில் முக்கோணங்களால் உருவங்களை அமைக்கும் புதுப் பாணி ஒன்றையும் கண்டார். மூவொரு கடவுளின் அடையாளமாக முக்கோணத்தை அவர் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. திரிந்தாதே என்ற போர்த்துக்கீசியச் சொல்லுக்கே திரித்துவம் என்பதுதான் பொருள்.

1980-இல் பிரேசில் நாட்டில் இறைவனடி சேர்ந்தார். தந்தை, மகள் இருவரின் ஓவியங்களும் 2004-இல் எஸ்தர் திரிந்தாதே அறக்கட்டளை வழியாகப் பனாஜியிலுள்ள ஃபுந்தசாவ் ஓரியந்தே நிறுவனத்தை வந்தடைந்தன. பழைய கோவாவில் புனித சவேரியாரைத் தரிசிக்கச் செல்லும் நம் பங்கு மக்கள், திரும்பும் வழியில் அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.