தாய்மாருக்காக அரசின் கதவைத் தட்டிய டொக்டர் மேரி இரட்ணம்

எமது கல்லூரியின் பழைய மாணவியருள் வைத்தியர்களாக இருப்போர் பலர். நாம் படித்த காலத்தில் அது பெண்பிள்ளைகளுக்கு வியப்பான துறையாக இருக்கவில்லை. அந்த வழியை எமக்கு முன்னே நடந்து காட்டிய ஒருவரை இந்நூற்றாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

மேரி ஏர்வின் 1873 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தார். ரொறன்ரோவில் மருத்துவம் கற்றார். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான வைத்தியப் பணிக்கு அமெரிக்க மிஷன் அவரைத் தெரிவு செய்தது. புறப்படுமுன் நியூயோர்க்கில் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற இலங்கைத் தமிழரை மணந்தார். அந்தத் திருமணம் மிஷனுக்கு உவப்பாக இருக்கவில்லை. 1896 இல் வந்தவருக்கு இணுவிலில் நிலைக்க முடியவில்லை. கணவருடன் கொழும்புக்குச் சென்று, லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் சிலகாலம் கடமையாற்றியபின் தனியாக வைத்தியம் பார்த்தார். ஆண் வைத்தியரிடம் போகக் கூசிய பெண்கள் அவரைத் தேடி வந்தனர்.

மருந்து கொடுத்து அனுப்பிய தாய் அதே வறுமைக்கும் அதே அறியாமைக்கும் திரும்பிப் போவதைக் கண்ட வைத்தியருக்கு ஓய்வேது? 1904 இல் இலங்கை மாதர் சங்கத்தையும், 1909 இல் தமிழ் மாதர் சங்கத்தையும் ஆரம்பித்தவர்களுள் அவரும் ஒருவர். குழந்தை வளர்ப்பு, சுத்தம், உணவு பற்றிப் பேசினார். பாடசாலைகளுக்கெனச் சுகாதாரக் கைநூலும் மனையியல் கைநூலும் எழுதினார்.

ஆனால் தாயின் நலம் சட்டசபையில் பேசப்படவேண்டுமாயின் தாய்க்கு வாக்கு வேண்டும். 1927 இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் இணைந்து உழைத்தார். டொனமூர் ஆணைக்குழு முதலில் முப்பது வயதுப் பெண்களுக்கே வாக்களிக்கச் சொன்னது. ஈற்றில் 1931 இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்தனர்.

1930 இல் அவர் தொடக்கிய லங்கா மகிளா சமிதியே அவரது பெரும் பணி. அதன் மாதிரியைத் தாய்நாட்டில் கண்டார். அசுத்தமான பாலால் தன் மகன் இறந்தானென நம்பிய அடிலெய்ட் ஹூட்லஸ் என்ற தாயின் தூண்டுதலால், 1897 இல் ஒன்ராறியோவில் கிராமப் பெண்கள் நிறுவகம் தோன்றியிருந்தது. அந்த எண்ணத்தை நமது கிராமங்களுக்கு ஏற்ப மாற்றினார். வீட்டுத்தோட்டம், சத்துணவு, கைத்தொழில், சிசு பராமரிப்பு எல்லாம் ஒரே கூட்டத்தில் பேசப்பட்டன. தனியொரு தாயின் முறைப்பாடு காற்றோடு போகும். ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிக் கேட்டால் அதிகாரிகள் செவிசாய்ப்பார்கள்.

1937 இல், 64 வயதில், கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்ணானார். சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அந்த ஆசனத்தைப் பறித்தார்கள். அதனால் அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. குடும்பக்கட்டுப்பாடு பற்றி வெளியே பேசுவதே இழுக்கென்றிருந்த காலத்தில் அதற்காகவும் வாதாடினார். 1958 இல் மக்சேசே விருது அவரை வந்தடைந்தபோது வயது 85. 1962 இல் மறைந்தார்.

மலேரியா உலுக்கிய 1935 இல் இந்நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு 263 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன் இறந்தன. 1950 இல் அது 82. மருத்துவிச்சிமார், சுகாதாரப் பகுதிகள், டிடிரி, அரிசிப் பங்கீடு, இலவசக் கல்வி எல்லாம் இதில் சேரும். 1939 இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் வந்தது. இவை எவையும் ஒருவரின் சாதனையல்ல. ஆனால் கேட்பதற்கு மக்கள் இருந்தமையால் அரசு கொடுத்தது என்பதை மறத்தலாகாது.

2022 இன் நெருக்கடியின் பின் எமது கிளினிக்குகளில் நிறை குறைந்த பிள்ளைகளைக் காண்கிறோம். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறோம். முட்டையும் பருப்பும் சாப்பிடச் சொல்கிறோம். தன் பங்கையும் பிள்ளைகளுக்கு விட்டுவிடும் தாய்க்கு எமது ஆலோசனை எட்டாத தூரத்தில் நிற்கிறது. பாடசாலை மதிய உணவும் திரிபோஷாவும் தாய்க்கான கொடுப்பனவும் தடையின்றிக் கிடைக்கச் செய்வதும் வைத்தியத்தின் பகுதிதான்.

பழைய மாணவியராகிய நாம் இன்று பல நாடுகளில், பல பதவிகளில் இருக்கிறோம். அன்பளிப்புப் பொதிகள் அனுப்புவது நல்லது. அத்துடன் பிரதேச சபையிடமும் மாகாணத் திணைக்களத்திடமும் அமைச்சிடமும் ஒன்றாகக் கேட்கவும் பழகுவோம். பிறந்த நாட்டை விட்டு வந்து எமது தாய்மாருக்காக நெடுங்காலம் உழைத்தவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகட்டும்.