மீசையுள்ள தாய்

வயிற்றுப் பிழைப்பை முன்னிட்டு நாம் வந்து குடியேறியிருக்கும் இக்குஜராத் மண் பெரியோர் பலரை ஈன்றெடுத்த மண்ணாகும். காந்தியடிகளையும் சர்தார் படேலையும் நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். ஆனால் அச்சிறுவர்களுக்காகவே வாழ்ந்து மறைந்த ஒருவரை நம்மில் பலர் அறியோம். இந்நாட்டு மக்கள் அவரை மீசையுள்ள தாய் என்று அன்புடன் அழைத்தனர். அவர்தாம் கிஜுபாய் பதேகா.

கிர்ஜாசங்கர் பகவான்ஜி பதேகா என்பது அவரது முழுப்பெயர். 1885-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் சௌராஷ்டிரத்தில் சித்தல் என்னும் ஊரில் பிறந்தார். 1907-இல் பொருள் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். இரண்டாண்டுகளில் திரும்பிவந்து, பம்பாயில் சட்டம் பயின்று, வத்வானில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். அவ்வாறே இருந்திருந்தால் பொருளும் புகழும் பெற்ற வக்கீல்களுள் ஒருவராய் முடிந்திருப்பார்.

1913-இல் அவருக்கு ஒரு மைந்தன் பிறந்தான். குழந்தையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்னும் கவலை தந்தையைப் பற்றிக்கொண்டது. அந்நாளைய ஆரம்பப் பள்ளிகளில் பிரம்பும் மனப்பாடமுமே ஆட்சி புரிந்தன. தம் மகனை அங்கு ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. அச்சமயத்தில் இத்தாலி நாட்டு மாண்டிசோரி அம்மையாரின் கல்வி முறையைப் பற்றிய நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. ஒரு பிள்ளைக்காகத் தொடங்கிய தேடல் எல்லாப் பிள்ளைகளுக்குமான தேடலாக வளர்ந்தது. 1916-இல் வக்கீல் தொழிலைத் துறந்து, பாவநகரில் நானாபாய் பட் நிறுவியிருந்த தக்ஷிணாமூர்த்தி என்னும் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். முதலில் உயர்நிலைப் பள்ளி மாணாக்கரிடையே பணியாற்றினார். கட்டடத்திற்கு அடித்தளம் போன்றது இளமைக் கல்வி என்பதை அங்குத் தெளிந்து, 1920-இல் சிறு குழந்தைகளுக்கென்று பாலமந்திரைத் தொடங்கினார்.

அப்பள்ளியில் பிரம்புக்கும் வசைச்சொல்லுக்கும் இடமில்லை. பரிசு காட்டி ஆசை மூட்டுவதும் இல்லை. குழந்தைகள் தொட்டும் அடுக்கியும் அளந்தும் கற்றனர். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்து வரிவடிவம் உணர்வது மாண்டிசோரி முறையாகும். கிஜுபாய் அம்முறையை அப்படியே பெயர்த்து நடவில்லை. இந்நாட்டு நாடோடிக் கதைகளையும், பாட்டையும், நாடகத்தையும், களிமண் வேலையையும், தோட்டப் பணியையும் அதனோடு இணைத்தார். குழந்தை கேட்கும் கேள்விக்கு விடையை உடனே ஊட்டிவிடாமல், அது தானே கண்டறியும்வரை காத்திருப்பதே ஆசிரியரின் பெருங்கடமை என்று கொண்டார்.

அவர் எழுதிய நூல்களுள் திவாஸ்வப்னம் புகழ்பெற்றது. பகற்கனவு என்பது அதன் பொருள். நான்காம் வகுப்பை ஓராண்டு ஏற்று நடத்தும் ஓர் ஆசிரியரின் கதை அது. ஏட்டில் படித்த மௌன விளையாட்டை முதல் நாளே நடத்த முயல்கிறார் அவர். பிள்ளைகள் கூச்சலிட்டு வகுப்பையே சந்தைக்கடை ஆக்கிவிடுகின்றனர். அவர் கோபம் கொள்ளவில்லை, பிரம்பையும் நாடவில்லை. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு தானே அடங்குகிறது. தோல்வியை மறைக்காமல் அதிலிருந்தே பாடம் கற்கும் இவ்வாசிரியரை நாம் மறக்க இயலாது.

தாராபாய் மோடக் அம்மையார் கிஜுபாயுடன் இணைந்து உழைத்தார். இருவரும் 1926-இல் நூதன பால சிக்ஷண சங்கத்தை உருவாக்கினர். பிற்காலத்தில் அவ்வம்மையார் போர்டியிலும் கோஸ்பாடிலும் ஆதிவாசிக் குழந்தைகளிடம் இம்முறையைக் கொண்டு சென்றார். கிஜுபாயோ, ஓயாத உழைப்பால் உடல் நலிந்து, 1939-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் தம் 53-ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் மாண்டிசோரி அம்மையார் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தபோது, அவரை வரவேற்கக் கிஜுபாய் இல்லை.

இதை எழுதும் அடியேன் பெரும் படிப்புப் படித்தவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வே குமாஸ்தாவாக அமர்ந்தவன். பேரேட்டுக் கணக்கில் மூழ்கியிருக்கும்போது அருகில் வந்து ஏன், எப்படி என்று கேட்ட என் மகளைப் பன்முறை அதட்டி விரட்டியிருக்கிறேன். இப்போது அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கிஜுபாயின் வரலாற்றைப் படித்த பின்னரே என் குற்றம் எனக்கு விளங்கிற்று.

நம் குடியிருப்புக் குழந்தைகள் பள்ளியில் பிறமொழி கற்று, வீட்டில் மட்டுமே தமிழ் பேசுகின்றனர். அவர்களுக்குத் தாய்மொழி எழுத்தையும் அடித்துப் புகட்டினால் அது கசந்துபோகும். முற்றத்து மணலில் விரலால் எழுதட்டும்; புளியங்கொட்டையை அடுக்கி அகரம் அமைக்கட்டும்; பாட்டியிடம் கதை கேட்கட்டும். அவர்கள் கேள்வி கேட்கும்போது சற்றே பொறுமையாகச் செவி கொடுப்போம். இம்மண்ணின் உப்பைத் தின்று வாழும் நாம், இம்மண்ணின் தவப்புதல்வருக்குச் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.